சூளை ஆறும்வரை

எங்கள் தொழிற்பேட்டைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஓர் ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வுபெற்ற சூளைக்காரன் என்ற முறையில் நானும் அதற்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். கேட்டு வந்தவள் சுந்தரி. நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில் இப்போது சூளையைக் கவனித்துக்கொள்கிறவள்.

"இத்தினி வருசம் நெருப்பு பக்கத்துலயே நின்னிருக்கீங்க. அந்தத் தைரியத்தப் பத்தி எழுதுங்கண்ணே" என்றாள்.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி தனலட்சுமி பாத்திரத்தோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "யாரு, இவரா? மேல பல்லி வுழுந்ததுக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடுன ஆளும்மா இவரு. நீ வூடு மாறி வந்துட்ட."

பஸ் ஸ்டாண்டு வரை ஓடவில்லை. தெருமுனையில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். மற்றபடி அவள் சொன்னது சரி.

சுந்தரி கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. கம்பெனியில் இப்போது எரிவாயுவில் எரிகிற புதுச் சூளை வைத்திருக்கிறார்கள். உள்ளே எத்தனை டிகிரி என்பது சுவரில் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். "அதான் எல்லாம் செவுத்துலயே தெரியுதே, அப்புறம் என்னா கவலை?" என்று கேட்டேன். "நம்பரு ஏறுனாலும் ஓடிப்போயி பாக்குறேன், எறங்குனாலும் ஓடிப்போயி பாக்குறேண்ணே. சாப்புடக்கூட வூட்டுக்குப் போவ முடியல" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குப் பரம திருப்தி. மீட்டரை வைத்துக்கொண்டே ஒருத்தி இவ்வளவு பயப்படலாம் என்றால், மீட்டர் இல்லாத காலத்தில் நான் பயந்தது நியாயம்தானே. சரி, எழுதித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். தைரியத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பயத்தைப் பற்றி என்றால் ஒரு மலர் முழுக்க எழுதுவேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதையில் பெருமையாக ஒன்றுமில்லை. களிமண் மூட்டை தூக்கினேன், அச்சில் மண்கூழ் ஊற்றினேன், காய்ந்ததைத் துடைத்து அடுக்கினேன். பழைய சூளைக்காரர் ஒருநாள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற குற்றத்துக்காக நெருப்பு என் கைக்கு வந்தது. என் பெயர் கலியமூர்த்தி. அன்று முதல் சூளை கலியமூர்த்தி.

நாங்கள் செய்தது ஃபியூஸ் கட்டைகளும் மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் கிண்ணங்களும். அவற்றைத் தீக்களிமண் பெட்டிகளில் வைத்து, ஒரு சின்ன அறை அளவுள்ள சூளைக்குள் கூரைவரை அடுக்குவோம். பிறகு வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மேலே மண் பூசிவிடுவோம். ஒரு செங்கல் அளவுக்கு மட்டும் பார்வைத்துளை இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் தெரிகிற இடத்தில் விரல் நீளத்தில் மூன்று மண்கூம்புகளை நட்டு வைப்போம். எண்ணெய் நெருப்பில் சூடு ஏற ஏற, கூம்புகள் ஒவ்வொன்றாகத் தலை குனியும். முதல் கூம்பு சாய்ந்தால் தயாராக வேண்டும். நடுக்கூம்பின் மூக்கு தரையைத் தொட்டால் நெருப்பை நிறுத்திவிட வேண்டும். மூன்றாவதும் சாய்ந்துவிட்டால் நாம் வேறு வேலை தேட வேண்டும்.

நிறுத்தியதும் நெருப்பு வாய்களை அடைத்து, புகைபோக்கியின் தகட்டை இறக்கிவிட்டால் மனிதன் செய்யக்கூடிய வேலை முடிந்தது. அதன்பின் சூளை தானாக ஆற வேண்டும். இரண்டு முழு நாளாவது ஆகும். இடையில் ஆசைப்பட்டு ஒரு செங்கல்லை உருவினாலும் போச்சு. வெளிக்காற்று பட்டதும் உள்ளேயிருக்கிற சரக்கு முழுவதும் விரிசல் விட்டுவிடும். சரக்கு நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. பார்த்தால், நன்றாக வந்ததும் கெட்டுவிடும். இப்படி ஒரு தொழிலை என்னைப் போன்ற ஆளுக்கென்றே யாரோ யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எரிக்கும்போது எனக்குப் பயமே இருக்காது. கை ஓடும், கால் ஓடும், வாய் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும். நான் அடிக்கிற ஜோக்குக்கு மண் பிசைகிறவர்கள்வரை சிரிப்பார்கள். மூடிய பிறகுதான் வம்பு. செய்ய ஒன்றுமில்லாமல் சூளையைச் சுற்றிச் சுற்றி வருவேன். பூசிய மண்ணில் கை வைத்துப் பார்ப்பேன், காது வைத்துக் கேட்பேன். இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ, சரியாக நினைவில்லை. அப்படிச் சுற்றிவந்த ஒருநாள் நெஞ்சு திடீரென்று உரல் இடிப்பதுபோல இடித்தது. கை மரத்தது, வேர்வை ஊற்றியது. செத்தேன் என்று முடிவு கட்டி, பக்கத்தில் நின்றவரிடம் என் சைக்கிளை யாருக்குத் தர வேண்டும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயம் நல்லா இருக்குது. நீங்கதான் நல்லா இல்ல" என்றார். சைக்கிளைத் திரும்ப வாங்கத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்.

அது அடிக்கடி வர ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று மனசார நம்பினேன். தனலட்சுமி பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வந்துடுங்க" என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிற கொளஞ்சியப்பர் கோயிலில், நம் குறையைப் புகாராக ஒரு தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வரலாம். சாமி விசாரிப்பார். குறை தீர்ந்ததும் மறுபடி போய்ப் பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். திருட்டு, சொத்துத் தகராறு, ஓடிப்போன புருஷன் என்று எல்லாவற்றுக்கும் கட்டுவார்கள்.

எனக்கு வந்த குழப்பம், யார்மேல் புகார் கொடுப்பது என்பதுதான். சூளைமேல் கொடுக்கலாம் என்றால் அதுதான் சோறு போடுகிறது. டாக்டர் என் இதயத்தை நிரபராதி என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தனலட்சுமி எட்டிப் பார்த்து, "ஒங்க மேலயே எழுதுங்க" என்றாள். அப்படியே எழுதினேன். கலியமூர்த்தியாகிய என்னை, கலியமூர்த்தியாகிய நான் நிம்மதியாக இருக்கவிடுவதில்லை. கொளஞ்சியப்பா, இவனை விசாரிக்கவும். கட்டிவிட்டு வெளியே வந்ததும் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. சாமி தண்டனை கொடுத்தால் யாருக்குக் கொடுப்பார்?

எங்கள் கம்பெனியில் உற்பத்திக்கு இன்சார்ஜ் சகாயமேரி மேடம். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எதையாவது பார்த்துப் பதறிக்கொண்டு, "மேடம், போச்சு!" என்று ஓடினால், முதலில் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பார். நான் சொல்லி முடித்ததும் "சரி. வேற?" என்பார். அடுத்த பயத்தைச் சொல்வேன். "சரி. வேற?" எண்ணெய் தீர்ந்துவிடும் என்பேன், தகடு சரியாக இறங்கவில்லை என்பேன், மழை வரும் என்பேன். "வேற?" கடைசியில் என்னிடம் சரக்கு தீர்ந்து, "என் மச்சான் பொண்ணுக்கு இன்னும் மாப்ள அமையல மேடம்" என்கிற இடத்துக்கு வந்து நிற்பேன். "அத சாயந்தரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்.

நான் சூளையைச் சுற்றுவதை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கையில் குடை.

"கலியமூர்த்தி, வாங்க. நடந்துட்டு வரலாம்."

"எங்க மேடம்?"

"காட்டுக்கு."

எங்கள் பேட்டைக்குப் பின்னால் கொஞ்சதூரம் போனால் தைலமரமும் முந்திரியும் கலந்த காடு. செம்மண் பாதை ஒன்று உள்ளே போகும். சூளை மூடிய நாட்களில் மேடம் மதியம் அந்தப் பக்கம் போவது எல்லாருக்கும் தெரியும். எதற்கென்று யாரும் கேட்டதில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் நின்றார். "ஒரே கண்டிசன். வெளிய வர்ற வரைக்கும் பேசக் கூடாது."

என்னைப் போய்! பேசாமல் இருந்தால் நான் செத்துவிட்டேன் என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அவர் முன்னால் போக, நான் கொஞ்சம் பின்தங்கி. கீழெல்லாம் முந்திரிச் சருகு. சற்றுதூரம் போனதும் எனக்குப் பின்னால் யாரோ வருகிற சத்தம். வேகமாக நடந்தேன், அவனும் வேகமாக வந்தான். நின்றேன், நின்றான். சாமிதான் பிராதை விசாரிக்க முனியப்பரை அனுப்பிவிட்டார் என்று ஓடிப்போய் மேடத்தின் குடையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து என் காலைக் காட்டினார். சருகு. என் கால்தான்.

முந்திரி பூத்திருந்த நேரம் அது. இனிப்பா புளிப்பா என்று சொல்ல முடியாத ஒரு வாசனை. தைலமரத்தின் பட்டை உரிந்து ஆடுகிற சத்தத்தைத் தவிர வேறில்லை. எவ்வளவு தூரம் நடந்தோமோ, திடீரென்று எனக்கு ஒன்று உறைத்தது: இவ்வளவு நேரம் சூளை என் நினைப்பிலேயே இல்லை. உடனே நெஞ்சு பக்கென்றது. பயப்பட மறந்துவிட்டேனே, அந்த நேரத்தில் ஏதாவது ஆகியிருந்தால்?

வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன். "மேடம், நீங்க உள்ள ஜெபம் பண்ணுவீங்களா?"

"இல்ல. நடப்பேன்."

"அப்ப சாமி?"

"கோயில்ல உக்காந்தா எனக்கு சரக்குக் கணக்கு ஞாபகம் வருது. இங்க வர்றதில்ல." குடையை மடக்கினார். "சாமி வேணும்னா வரட்டும். நான் கூப்புட்டுத் தொந்தரவு பண்றதில்ல."

இது பக்தியா, பக்தி இல்லாமையா என்று அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் அதன்பின் சூளை மூடிய நாளெல்லாம் நானும் போனேன். சில நாள் அவரோடு, பல நாள் தனியாக.

இப்போது அந்தப் பெரிய சரக்குக்கு வருகிறேன்.

முதலாளி வெளி மாநிலத்து ஆர்டர் ஒன்றைப் பிடித்துவந்தார். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், தொடைத் தடிமன். பெரிய மின்மாற்றிகளுக்குப் போகிற பீங்கான். அவ்வளவு தடிமனை எங்கள் சூளை பார்த்ததே இல்லை. தடிமன் கூடக் கூட, ஆறும்போது வெடிக்கிற பயமும் கூடும். முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் பதற்றத்தில் எனக்கு அண்ணன். எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இது வெடிச்சிதுன்னா நான் சூளையவே மூடிடுவேன். வெளியில வாங்கி வித்துக்கிட்டுப் போறேன்." சூளையை மூடினால் நான் மட்டுமா? அச்சு ஊற்றுகிறவர்கள், துடைக்கிற பெண்கள், எல்லாரும் தெருவில்தான்.

எரித்தேன். நடுக்கூம்பு மூக்கைத் தரையில் வைத்தபோது வெயில் ஏறியிருந்தது. நிறுத்தி, அடைத்து, தகட்டை இறக்கினேன். மேடம் வந்து பூச்சைச் சுற்றிப் பார்த்தார். ஒரு முழு நாள் கூடுதலாக ஆறட்டும் என்றார். அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அன்றே புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "நாள் முடியாம தெறக்கக் கூடாது. யாரு சொன்னாலும்" என்றார். என்னிடம்! பல்லிக்கு ஓடியவனிடம்.

இரண்டாம் நாள் மத்தியானம் வழக்கம்போலப் பூச்சில் காது வைத்தேன். உள்ளேயிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது.

ஒரே ஒரு தடவை. பீங்கான் வெடிக்கும்போது அப்படித்தான் சத்தம் வரும். காதை எடுக்காமல் நின்றேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பது அதைவிட மோசம். ஒன்று வெடித்ததா? அது வெடித்ததில் மற்றதெல்லாம் சேர்ந்து போய்விட்டதா? அல்லது என் காதுதான் வெடித்ததா?

அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி வந்து நின்றது. சரக்கு எடுக்க, ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரர்கள் ஒருநாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். முதலாளி கையில் செல்போன், மறுகையில் கடப்பாரை. நேராகச் சூளைக்கு வந்தார்.

"கலியமூர்த்தி, ஒரே ஒரு செங்கல்லு எடுய்யா. எட்டிப் பாத்துட்டு வெச்சிடலாம்."

உண்மையைச் சொல்கிறேன். அவர் கேட்பதற்கு முன்னாலேயே என் கை பார்வைத்துளையை அடைத்திருந்த செங்கல்மேல் இருந்தது. அவரைவிட எனக்குத்தான் ஆசை. பார்த்துவிட்டால் போதும், நல்லதோ கெட்டதோ, இந்த நெஞ்சு இடிப்பது நின்றுவிடும்.

என்னவோ தெரியவில்லை, வாயில் வேறு வந்துவிட்டது. "சரிங்க முதலாளி. வேற?"

"வேறன்னா? லாரிக்காரன் நிக்கிறான்யா!"

"சரி. வேற?"

"அந்தக் கம்பெனிக்காரன் போன் மேல போன் போடுறான். சரக்கு இல்லன்னா ஆர்டரு கேன்சலுங்கறான்."

"சரி. வேற?"

"எனக்கு சுகரு இருக்குதுய்யா. நேத்திலருந்து தூக்கமில்ல."

"வேற?"

அவர் கடப்பாரையைக் கீழே ஊன்றிக்கொண்டார். "பையன் படிப்ப முடிச்சிட்டு தொழிலுக்கு வரமாட்டேங்கறான்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"வாங்க முதலாளி, நடந்துட்டு வரலாம்" என்றேன்.

அவர் ஏன் வந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் ஏன் கூப்பிட்டேன் என்பதும் தெரியாது. பாதி வழியில்தான் கடப்பாரை இன்னும் அவர் கையில் இருப்பதைக் கவனித்தேன். பேசக் கூடாது என்று கண்டிஷன் போட்டேன். காட்டுக்குள் போனதும் செல்போனில் சிக்னல் போய்விட்டது. அது நான் எதிர்பார்க்காத உதவி.

"யாரோ பின்னால வர்றாங்கய்யா!" என்று என் தோளைப் பிடித்தார்.

குனிந்து அவர் காலைக் காட்டினேன். அவர் சருகைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார், கடப்பாரையை ஒரு முந்திரி மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு நடந்தார்.

நான் சாந்தமாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் தலைக்குள் அந்த 'டிங்' அடித்துக்கொண்டே இருந்தது. கொளஞ்சியப்பா, உள்ள என்னா நடக்குதுன்னு ஒனக்காவது தெரியுதா, என்று கேட்டேன். இன்னும் வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால் சொல்ல வார்த்தை இல்லை. காலம்பூராவும் பேசியவனுக்கு அந்த நேரத்தில் வார்த்தை தீர்ந்துபோனது. வாசனை வந்தது. வெயில் இலைக்கு இலை இறங்கி வந்தது. ஏதோ ஒரு இடத்தில், உள்ளே வெடித்திருந்தால் வெடித்ததுதான், வெடிக்கவில்லை என்றால் வெடிக்கவில்லைதான், நான் போய்ப் பார்ப்பதால் அது மாறாது என்று தோன்றியது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்கும் தெரியும். ஆனால் அதுவரை என் நெஞ்சுக்கு யாரும் சொல்லவில்லைபோல.

திரும்பிவரும்போது சாயங்காலம். முதலாளி லாரிக்காரருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, இரண்டு நாள் இருந்து ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார். கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டு அவர் பேசிய பேச்சில் எனக்கே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

நாள் முடிந்து செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்தோம். மேடமும் வந்துவிட்டார். பீங்கானை மரக்கட்டையால் தட்டிப் பார்ப்போம். நல்லதென்றால் மணி மாதிரி 'ணங்' என்னும், விரிசல் என்றால் 'டொக்'கென்று செத்த சத்தம் வரும். முதல் பெட்டியைத் திறந்து முதலாளி கையில் கட்டையைக் கொடுத்தேன். மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்தார். நான் மேடத்திடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தட்டினார்.

ணங்.

அடுத்தது ணங். அதற்கடுத்தது ணங். ஒன்று மட்டும் குடித்துவிட்டு நிற்பவன் மாதிரி லேசாகச் சாய்ந்திருந்தது. ஆனால் அதுவும் ணங். துடைக்கிற பெண்கள் ஓவென்று கூவினார்கள். முதலாளி லாரி டிரைவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான் மட்டும் சூளைக்குள் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். பெட்டிகளைப் புரட்டினேன், தரைக்கல்லைத் தடவினேன், கூம்புகளைப் பார்த்தேன். எதிலும் விரிசல் இல்லை.

"என்ன தேடுறீங்க?" என்றார் மேடம்.

சொன்னேன். டிங்.

"சரி" என்றார். "வேற?"

யோசித்தேன். "வேற ஒண்ணுமில்ல மேடம்." எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பது இன்றுவரை தெரியாது. சரக்கைக் காப்பாற்றியது கொளஞ்சியப்பரா, மேடம் கூப்பிடாமலே வந்த அவருடைய சாமியா, செல்போனுக்கு எட்டாத அந்தக் காடா, தெரியாது. பக்கத்துக் கம்பெனி சூளைக்காரரைக் கேட்டால் மண் நல்ல மண் என்கிறார்.

போன வருடம் கண்ணில் புரை விழுந்து, கூம்பு மூன்றும் ஆறாகத் தெரிய ஆரம்பித்ததும் வேலையை விட்டேன். வீட்டில் சும்மா இருப்பதைப் பார்த்துத் தனலட்சுமி, "கட்டுன பிராது அப்படியே கெடக்குது. வாபஸ் வாங்கிட்டு வாங்க, சாமி கோவிச்சுக்கும்" என்று விரட்டினாள். போனேன். அங்கே பிராதுகளைக் கவனிக்கிறவர் கேட்டார்.

"பிராது தீந்துச்சுங்களா?"

"நெஞ்சு இன்னும் இடிக்குதுங்க. ஆனா முன்ன மாதிரி அது சொல்ற எடத்துக்கெல்லாம் நான் ஓடுறதில்ல."

"அப்ப தீந்துச்சா, தீரலையா?"

"தெரியலீங்களே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாதி தீந்ததுக்கெல்லாம் இங்க வழியில்லீங்க. கெடக்கட்டும், தீந்தப்பறம் வாங்க."

ஆகவே சுந்தரி, மலரில் தைரியம் என்று தலைப்புப் போட்டுவிடாதே. என் வழக்கு இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது. உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு: சூளையை மூடியபின் சுவரில் ஓடுகிற நம்பர் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி உன்னைக் கேட்பதில்லை. காடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. முதலாளியின் கடப்பாரையும் அங்கே எங்கேயோதான் இருக்க வேண்டும். அன்றைக்கு எடுத்துவர மறந்துவிட்டோம்.

கோயிலிலிருந்து வந்த அன்றும் வீட்டுக்கு நேராகப் போகாமல் அந்தப் பக்கம் போனேன். முந்திரி பூத்திருந்தது. பாதி தூரம் போனதும் பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டது. நின்றேன், நின்றது. என் கால்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.